எண்ணாமல் அழிந்ததும் எண்ணியதால் பிழைத்ததும்

தமிழில் எண்ணுதல் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று எனக் கணக்கிடுவதும் எண்ணுதலே. ஒன்றைப் பற்றி மனத்தில் நினைப்பதும் எண்ணுதலே. கணக்கிடுவதற்கும் நினைப்பதற்கும் ஒரே சொல் எவ்வாறு பொருந்தும் என்று மாணவர் வினவுவதுண்டு. அவ்வினாவுக்கு ஒரு தீவின் வரலாறு நல்ல விடை தருகிறது. இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கில் உள்ள மொரீசியசுத் தீவில் வாழ்ந்த புறா இனங்களுள் ஒன்றை எவரும் எண்ணவில்லை. அஃது அழிந்தது, அழிந்ததைக்கூட எவரும் உடனே அறியவில்லை. மற்றொன்றை இறுதி வேளையில் எண்ணினர். காட்டில் எஞ்சியவை ஏறத்தாழப் பத்து என்று கணக்கு வந்தது. அவ்வினம் இன்றும் வாழ்கிறது.

புறா தமிழர்க்குப் புதிய பறவையன்று. பருந்துக்கு அஞ்சி அடைக்கலம் புகுந்த புறாவுக்காகத் துலாக்கோலில் ஏறிய செம்பியனின் கதையை அறியாத தமிழ் மாணவர் இலர். அக்கதையில் மன்னன் காத்தது ஒரு பறவையை. ஓர் இனம் முழுவதையும் காப்பதற்கு மன்னனின் ஒரு நாள் ஈகை போதாது. பலருடைய பல்லாண்டு உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பு எத்தகையது, அதற்கு முன் நிகழ்ந்த அழிவு எத்தகையது என்பவற்றை முறையாகக் காண்போம்.

தீவும் காடும்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் கிழக்கே மடகாசுகர் என்னும் பெருந்தீவு உள்ளது. அதற்கும் கிழக்கே 800 கிலோமீட்டருக்கு மேல் கடல் கடந்தால் மொரீசியசை அடையலாம். கடலடியிலிருந்து எழுந்த எரிமலைக் குழம்பு உறைந்து உருவான தீவு அது. பரப்பு ஏறத்தாழ 1,865 சதுர கிலோமீட்டர். நம் சிங்கப்பூரைப் போல இரண்டரை மடங்கு எனலாம்.

எக்கண்டத்தோடும் என்றும் இணைந்திராத காரணத்தால் அத்தீவின் உயிர்வாழ்க்கை தனித்தன்மை வாய்ந்ததாக அமைந்தது. பறந்து வரவல்ல வௌவால்களைத் தவிர வேறு பாலூட்டி எதுவும் அங்கே இயற்கையாக இல்லை. எலி இல்லை, பூனை இல்லை, குரங்கு இல்லை, மனிதனும் இல்லை. கருங்காலி முதலிய மரங்கள் அடர்ந்த காட்டில் பறவைகளும் பேராமைகளும் கனிகளை உண்டு விதைகளைப் பரப்பின. பகை என்பதையே அறியாத அப்பறவைகளுக்கு அச்சம் என்பதும் இல்லாமற் போயிற்று. பல நூறாயிரம் ஆண்டுகள் இக்குணம் அவற்றுக்கு எத்தீங்கும் செய்யவில்லை. மனிதன் வந்த பின்னர் அதுவே அவற்றுக்குப் பெருங்கேடாய் முடிந்தது.

அரபு மாலுமிகளும் போர்த்துக்கீசியரும் இத்தீவை முன்னரே அறிந்திருந்தனர், ஆயினும் குடியேறவில்லை. 1598ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் டச்சுக் கப்பல்கள் அங்கே நங்கூரம் இட்டன. தம் இளவரசர் மாரிட்சின் பெயரை அவர்கள் தீவுக்குச் சூட்டினர். தீவின் எழுதப்பட்ட வரலாறும், அதன் பறவைகளின் அழிவும் அந்நாளிலிருந்தே தொடங்குகின்றன.

எண்ணப்படாத பறவை

டோடோ என்னும் பறவையைப் படத்திலேனும் காணாத மாணவர் அரியர். வளைந்த பெரிய அலகு, குறுகிய சிறகு, பத்துக் கிலோகிராமுக்கு மேற்பட்ட எடை, பறக்க இயலாது. வான்கோழி போலவும் கழுகு போலவும் பலர் அதனை எண்ணியதுண்டு. உண்மையில் அது புறாக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1842இல் டென்மார்க்கு நாட்டு ஆய்வாளர் ரைன்ஹார்ட் கோப்பன்கேகனில் இருந்த மண்டையோடு ஒன்றை ஆராய்ந்து இக்கருத்தை வெளியிட்டபோது பலர் நகைத்தனர். 1848இல் ஆங்கிலேயராகிய ஸ்ட்ரிக்லண்டும் மெல்வில்லும் ஆக்சுபோர்டில் இருந்த தலையையும் காலையும் ஆராய்ந்து எழுதிய நூல் அக்கருத்தை நிலைநாட்டிற்று.

2002இல் வெளிவந்த மரபணு ஆய்வு மேலும் ஒரு செய்தியைக் கூறியது. இன்று உயிரோடுள்ள பறவைகளுள் டோடோவுக்கு மிக நெருங்கிய உறவு நிக்கோபார்ப் புறா என்பதே அது. நிக்கோபார்த் தீவுகள் தொடங்கித் தென்கிழக்காசியத் தீவுகள் பலவற்றிலும் வாழும் பச்சையும் செம்பும் மின்னும் பறவை அது. ஆகவே டோடோவின் உறவைத் தேடி நாம் ஐரோப்பிய அருங்காட்சியகத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. நம் கடற்பகுதியிலேயே அவ்வுறவு இன்றும் சிறகடிக்கிறது.

டோடோவை மாலுமிகள் தின்று தீர்த்துவிட்டனர் என்று பொதுவாகக் கூறுவர். அதுவே முழு உண்மையன்று. கப்பல்களோடு வந்த எலியும், கரையில் விடப்பட்ட பன்றியும், குரங்கும் செய்த கேடு பெரிது. இக்குரங்கு எது என்று அறியும்போது நமக்கு வியப்பு உண்டாகும். மலாய்மொழியில் கெரா எனப்படுவதும், நம் தோட்டப்புறங்களிலும் மலையடிவாரக் கோயில்களிலும் வாழைப்பழத்துக்குக் கை நீட்டுவதும் ஆகிய அதே நெடுவால் குரங்குதான். சாவகத் தீவிலிருந்து கப்பலேறி அங்கே சென்றிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. இங்கே காட்டின் இயல்பான குடியாக வாழும் உயிர் அங்கே சென்று முட்டைகளைச் சூறையாடும் கள்வனாயிற்று. ஓர் உயிர் நன்று அல்லது தீது என்பது அதன் குணத்தில் இல்லை. அது நிற்கும் இடத்தில் உள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

டோடோவைக் கண்டதாக அறிஞர் பெரும்பாலோர் ஏற்கும் கடைசிக் குறிப்பு 1662ஆம் ஆண்டினது. கப்பல் உடைந்து கரை சேர்ந்த மாலுமி ஒருவர் கூறிய செய்தி அது. அதன் பின்னர் எத்தனை எஞ்சின, கடைசிப் பறவை எங்கே வீழ்ந்தது என்பன எவர்க்கும் தெரியா. எவரும் எண்ணவில்லை, எண்ணவேண்டும் என்று எவர்க்கும் தோன்றவும் இல்லை. ஓரினம் உலகிலிருந்து முற்றாக மறையக்கூடும் என்னும் கருத்தே அக்காலத்தார்க்கு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டோடோ என்று ஒரு பறவை இருந்ததே பொய் என ஐயுற்றோரும் இருந்தனர். 1865இல் மார் ஓ சோஞ்சு என்னும் சதுப்பு நிலத்தில் ஜார்ஜ் கிளார்க்கு என்னும் பள்ளி ஆசிரியர் அதன் எலும்புகளைத் தோண்டி எடுத்த பின்னரே ஐயம் முற்றும் அகன்றது. அழிந்த பறவைக்குச் சான்று தேடித் தந்தவர் ஓர் ஆசிரியர் என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

கரும்பும் காடும்

டச்சுக்காரர் கருங்காலி மரங்களை வெட்டிக் கப்பலேற்றினர். 1639இல் பத்தாவியாவிலிருந்து மானும் கரும்பும் கொண்டுவந்தனர். 1710இல் தீவைக் கைவிட்டுச் சென்றனர். ஆயினும் அவர்கள் விட்டுச் சென்ற விலங்குகள் செல்லவில்லை. கரும்பும் பின்னர் தீவு முழுவதையும் ஆளும் காலத்துக்காகக் காத்திருந்தது.

1715இல் பிரெஞ்சுக்காரர் தீவைத் தமதாக்கினர். 1735இல் ஆளுநராக வந்த மாஹே தெ லா பூர்தொனே துறைமுகத்தையும் சர்க்கரை ஆலையையும் அமைத்தவர். 1746இல் இத்தீவிலிருந்து கப்பற்படையோடு புறப்பட்டுச் சென்னையைக் கைப்பற்றியவரும் இவரே. அக்காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து தச்சர், கொல்லர், கொத்தர் முதலிய தமிழ்க் கைவினைஞர் அங்கே அழைத்துச் செல்லப்பட்டனர். துறைமுக நகராகிய போர்ட் லூயியின் கட்டடங்களில் தமிழர் உழைப்பு இவ்வாறு கலந்தது.

பிரெஞ்சு ஆட்சியில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. பியர் புவாவர் என்னும் ஆட்சியாளர், காடு குறைந்தால் மழை குறையும் என்று கருதினார். 1769இல் அவர் பிறப்பித்த ஆணை, நிலம் பெற்றோர் தம் நிலத்தில் நான்கில் ஒரு பங்கைக் காடாகவே விட்டுவைக்க வேண்டும் என்று வற்புறுத்திற்று. குடியேற்ற ஆட்சிகள் இயற்றிய காட்டுப் பாதுகாப்புச் சட்டங்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. ஆனால் சட்டம் தாளில் நின்றது. கோடரி காட்டில் நின்றது.

1810இல் ஆங்கிலேயர் தீவைக் கைப்பற்றினர். 1825இல் மொரீசியசுச் சர்க்கரைக்கும் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைக்கும் இங்கிலாந்தில் ஒரே அளவு வரி என்றாயிற்று. அவ்வொரு முடிவு காட்டின் தலைவிதியை மாற்றியது. கரும்புத் தோட்டங்கள் தாழ்நிலம் முழுவதும் பரவின. 1835இல் அடிமைமுறை ஒழிந்தபோது தோட்ட முதலாளிகள் ஒப்பந்தக் கூலிகளை நாடினர். 1834 முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் அத்தீவில் இறக்கப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இந்தியர். சென்னை மாகாணத்துத் தமிழரும் பல்லாயிரவர்.

இவ்விடத்தில் நம் நெஞ்சு சற்று நிற்கும். அன்றைய வெல்லெஸ்லி மாநிலத்தின், அதாவது இன்றைய செபராங் பிறையின், கரும்புத் தோட்டங்களுக்கும் அதே காலத்தில் அதே மக்களே கொண்டுவரப்பட்டனர். பின்னர் ரப்பருக்காக மலாயாவின் காடுகளை அழித்து நேர்நிரையாக மரம் நட்டதும் அவர்தம் வழியினரே. மொரீசியசுக் காட்டை வெட்டிய கையும் மலாயாக் காட்டை வெட்டிய கையும் உடன்பிறந்தார் கைகள். ஆயினும் எந்த மரம் வீழவேண்டும் என்று முடிவு செய்தவர் அவர்கள் அல்லர். கங்காணியின் குரலுக்குப் பணிந்து, அரை வயிற்றுக் கஞ்சிக்கு உழைத்தவர் மீது காட்டின் பழியைச் சுமத்துவது அறமாகாது. காடு இழந்த பறவையும் ஊர் இழந்த மனிதனும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்கள். அவ்வேட்டில் வரவு எழுதிக்கொண்டவர் வேறொருவர்.

எஞ்சிய காட்டுக்கும் ஓய்வில்லை. 1899இல் கொள்ளைநோய் தீவைத் தாக்கியது. எலிகளை ஒழிக்கும் பொருட்டு 1900இல் இந்தியாவிலிருந்து கீரியைக் கொண்டுவந்து விட்டனர். கீரியோ எலியைத் தேடுவதற்கு முன் பறவைகளின் கூடுகளைத் தேடியது. அழகுக்காகவும் பழத்துக்காகவும் வெளிநாட்டிலிருந்து வந்த சிறு கொய்யா முதலிய செடிகள் புதராக மண்டி, உள்நாட்டு மரக்கன்றுகள் தலைதூக்க இடமின்றிச் செய்தன. இன்று அத்தீவில் நல்ல நிலையில் எஞ்சியுள்ள இயற்கைக் காடு மொத்தப் பரப்பில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவு.

இளஞ்சிவப்புப் புறா

மொரீசியசிலும் அதன் அண்டைத் தீவுகளாகிய ரியூனியன், ரோட்ரிகசு ஆகியவற்றிலும் அவ்விடத்துக்கே உரிய புறா இனங்கள் பல வாழ்ந்தன. மொரீசியசின் நீலப்புறா பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறைந்தது. ரோட்ரிகசின் பறவாப் பெரும்புறா பதினெட்டாம் நூற்றாண்டில் மறைந்தது. ரியூனியனில் வாழ்ந்த இளஞ்சிவப்புப் புறாவும் மறைந்தது. அத்தீவுக் கூட்டத்துக்கே உரிய புறாக்களுள் இன்று உயிரோடிருப்பது மொரீசியசின் இளஞ்சிவப்புப் புறா ஒன்றே.

1843இல் பிரெஞ்சு அறிஞர் பிரவோ இதற்கு அறிவியற் பெயர் இட்டார். தலையும் மார்பும் வெளிறிய ரோசா நிறம்; சிறகு பழுப்பு; வால் செம்பழுப்பு; கால்கள் சிவப்பு; கண்ணைச் சுற்றிச் சிவந்த வளையம். நம் வீட்டுக் கூரையில் அமரும் மாடப்புறாவினும் சற்றுப் பெரியது. இலை, தளிர், பூ, கனி, விதை ஆகியவற்றை உண்டு காட்டுக்குள்ளேயே வாழ்வது. மரக்கிளைகளில் சுள்ளிகளைத் தளர்வாக அடுக்கிக் கூடு கட்டி, பெரும்பாலும் இரண்டு வெண்முட்டைகள் இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறத்தாழ இரு வாரம் அடைகாக்கும். பொரித்த குஞ்சுக்குத் தொண்டைப்பையில் ஊறும் புறாப்பாலை ஊட்டும்.

டோடோ அழிந்தும் இது பிழைத்தது ஏன்? இதற்குப் பறக்கத் தெரியும். முட்டையைத் தரையில் இடாது மரத்தில் இடும். இதன் இறைச்சியை உண்டால் நோய் வரும் என்னும் அச்சமும் தீவு மக்களிடையே நிலவியது. புறா தின்னும் ஏதோ ஒரு நச்சுக்கனியே அதற்குக் காரணம் என்றனர். அவ்வச்சம் வேட்டையின் கொடுமையை ஓரளவு குறைத்தது எனலாம்.

ஆயினும் காடு சுருங்கச் சுருங்க இனமும் சுருங்கியது. எலியும் குரங்கும் முட்டைகளைத் தின்றன; பூனையும் கீரியும் தரையில் இரைதேடும் பறவைகளைக் கவ்வின. புயலடித்த ஆண்டுகளில் பூவும் கனியும் உதிர்ந்து பறவைகள் பட்டினி கிடந்தன. 1960இல் வீசிய கேரல் புயலும் 1975இல் வீசிய சர்வேசுப் புயலும் எஞ்சிய சிறு காட்டைப் பிய்த்தெறிந்தன. பெருங்காட்டில் ஒருபுறம் புயல் அடித்தால் மறுபுறம் பறந்து பிழைக்கலாம். காடு ஒரு கையளவாகச் சுருங்கிய பின் மறுபுறம் ஏது?

இறுதியில் எஞ்சிய புறாக்கள் தென்மேற்கு மலைப்பகுதியில் ஒரு சிறு தோப்பில் ஒதுங்கின. அத்தோப்பு உள்நாட்டு மரத்தோப்புமன்று. யப்பான் நாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட தேவதாரு இன மரங்கள் அவை. அவற்றின் முள்போன்ற இலைகள் குரங்குகளை ஓரளவு தடுத்தமையால் புறாக்கள் அங்கே கூடு கட்டின. தம் சொந்தக் காட்டில் இடமிழந்த பறவைகள் அயல்நாட்டு மரத்தில் அடைக்கலம் புகுந்தன.

பத்து என்னும் எண்

1976ஆம் ஆண்டு ஜெரால்டு டரல் என்னும் ஆங்கில எழுத்தாளர் மொரீசியசுக்கு வந்தார். இந்தியாவில் ஜாம்செட்பூரில் பிறந்தவர். 1959இல் ஜெர்சித் தீவில் ஓர் உயிர்க்காட்சிச்சாலையை நிறுவியவர். அருகிவரும் உயிர்களைக் காட்சிக்கு வைப்பதற்காக அன்று, இனம் பெருக்கி மீண்டும் காட்டில் விடுவதற்காகவே அந்நிலையம் வேண்டும் என்பது அவர் கொள்கை. அவரும் அவர் குழுவினரும் இரவில் அத்தோப்பினுள் சென்று, விளக்கொளியில் மரமேறி, உறங்கும் புறாக்கள் சிலவற்றைப் பிடித்தனர். அவற்றைக்கொண்டு மொரீசியசின் கருப்பாற்றுப் பகுதியிலும் ஜெர்சியிலும் இனப்பெருக்கப் பணி தொடங்கியது.

1979இல் கார்ல் ஜோன்சு என்னும் வேல்சு நாட்டு இளைஞர் மொரீசியசுக்கு அனுப்பப்பட்டார். அவரை அனுப்பியது பணியை வளர்ப்பதற்கன்று. அங்கு நடந்துவந்த பறவைப் பாதுகாப்புப் பணியைச் சுருக்கி முடித்து உள்நாட்டாரிடம் ஒப்படைப்பதற்கே. அக்காலத்தில் அறிஞர் சிலர் ஒரு கணக்குச் சொன்னார்கள்: உலகில் அழியும் இனங்கள் பல, பணமோ குறைவு, நாலைந்து பறவைகளே எஞ்சிய இனத்துக்குச் செலவிடுவது வீண், பிழைக்கக் கூடியவற்றைக் காப்போம். மொரீசியசு வல்லூறு என்னும் பறவை 1974இல் காட்டில் நான்கே எஞ்சியிருந்தது. கைவிடத் தக்க இனத்துக்கு எடுத்துக்காட்டாகவே அதனைக் கூறினர்.

இது புறக்கணிக்கத் தக்க வாதமன்று. 1968இல் விடுதலை பெற்று, கரும்பு ஒன்றையே நம்பி வாழ்ந்த சிறிய ஏழை நாடு மொரீசியசு. மக்களுக்கு வேலையும் பள்ளியும் மருத்துவமும் வேண்டிய நாளில் புறாவுக்கு என்ன அவசரம் என்று வினவுவோர் அறியாதார் அல்லர். 1970களில் மேட்டுநிலத்தில் எஞ்சியிருந்த காட்டின் பெரும்பகுதியை வெட்டி, மரத்தொழிலுக்காகப் பைன் மரம் நட்டதும் நாட்டு முன்னேற்றத்தின் பெயரால்தான். இவ்வினாவுக்கு விடை எது? பசித்தவனுக்குக் கிடைக்கவேண்டிய சோற்றை அப்புறா உண்ணவில்லை. காட்டின் செல்வம் முந்நூறு ஆண்டுகளாகக் கப்பலேறிச் சென்றபோது ஏழைக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை. காடு போனபின் அவனுக்கு எஞ்சியது வறண்ட ஓடையும் அரிக்கப்பட்ட மண்ணுமே.

ஜோன்சு பணியை மூடவில்லை. தொடர்ந்தார். மொரீசியசு வனவிலங்கு அறநிறுவனம் 1984இல் உருவாயிற்று. அவ்வாண்டில் கூண்டில் வளர்ந்த புறாக்கள் சிலவற்றைப் பாம்பிள்மூசுத் தாவரத் தோட்டத்தில் விட்டுப் பார்த்தனர். அம்முயற்சி தோற்றது, அச்சமறியாப் புறாக்கள் உண்டிவில்லுக்கு இரையாயின. உயிர்களை நேசிக்க மக்களுக்குக் கல்லாதவரை காட்டில் வேலி போட்டுப் பயனில்லை என்னும் பாடத்தைத் தொண்டர்கள் அங்கே கற்றனர்.

1987 முதல் மலைக்காட்டில் புறாக்களை விடத் தொடங்கினர். ஆயினும் காட்டில் இயல்பாகப் பிறந்த பறவைகளின் தொகை குறைந்துகொண்டே வந்தது. எலிகள் கூடுகளை ஒன்றன்பின் ஒன்றாக அழித்தன. 1990களின் தொடக்கத்தில் எண்ணியபோது காட்டில் எஞ்சியவை பத்து என்றும் ஒன்பது என்றும் குறிப்புகள் கூறுகின்றன. ஒரு வகுப்பறையின் ஒரு மூலையில் அமர்த்திவிடக்கூடிய அளவு; உலகில் அவ்வினத்தின் காட்டுவாழ்க்கை அவ்வளவே.

மீட்பு

பத்து என்னும் எண் தெரிந்தமையால்தான் அடுத்த பணி இன்னது என்று தெரிந்தது. புறாக்கள் ஏன் பெருகவில்லை என்று ஒவ்வொரு கூடாக நோக்கினர். உணவு போதவில்லை என்று கண்டு காட்டுக்குள் மேடை அமைத்துக் கோதுமையும் சோளமும் வைத்தனர். கூடுகளைச் சுற்றி எலிக்கு நஞ்சும், பூனைக்கும் கீரிக்கும் பொறியும் வைத்தனர். கூண்டில் இட்ட முட்டைகளை எடுத்து, வளர்ப்புப் புறாக்களை அவற்றின்மீது அடைகாக்கச் செய்தனர். செவிலித்தாயாகிய அப்புறாக்கள் வேற்றினக் குஞ்சுகளைத் தம் குஞ்சுகளாகவே ஊட்டி வளர்த்தன. தாய்ப்புறாவோ மீண்டும் முட்டையிட்டது. வளர்ந்த ஒவ்வொன்றின் காலிலும் வண்ண வளையம் பூட்டி, அதன் பிறப்பு, துணை, கூடு, இறப்பு அனைத்தையும் ஏட்டில் எழுதினர். பள்ளிப் பதிவேட்டில் மாணவர் பெயரை நாம் எழுதுவதுபோல, காட்டுப் பறவைகளுக்கு அங்கே ஒரு பதிவேடு உண்டாயிற்று.

1987 முதல் 1997 வரை இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட புறாக்கள் காட்டில் விடப்பட்டன. 1994இல் கருப்பாற்றுப் பள்ளத்தாக்கு நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. பரப்பு 6,574 எக்டேர். அதே ஆண்டில் தென்கிழக்குக் கரையை ஒட்டிய ஏகிரெத்துத் தீவில் புறாக்கள் குடியேற்றப்பட்டன. 26 எக்டேரே உள்ள பவளத்தீவு அது. அங்கே எலியையும் பூனையையும் முற்றாக ஒழித்து, வெளிநாட்டுச் செடிகளைக் கையால் பிடுங்கி, உள்நாட்டு மரக்கன்றுகளை நட்டிருந்தனர். பள்ளி மாணவர் இன்று அத்தீவுக்கு அழைத்துச் செல்லப்பட்டுத் தம் நாடு முன்பு எவ்வாறு இருந்தது என்பதைக் கண்ணாரக் காண்கின்றனர்.

தொகை உயர்ந்தது. 2000இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அப்புறாவை மிகக் கடும் ஆபத்தில் உள்ள இனம் என்னும் நிலையிலிருந்து ஒரு படி இறக்கியது. 2018இல் மேலும் ஒரு படி இறக்கியது. அப்போது காட்டில் நானூற்றுக்கு மேற்பட்டவை இருந்தன. கைவிடத் தக்கது எனப்பட்ட வல்லூறும் நூற்றுக்கணக்கில் பெருகிற்று. பணியை மூடச் சென்ற ஜோன்சுக்கு 2016இல் இண்டியானாபோலிசுப் பரிசு வழங்கப்பட்டது.

முடியாத கணக்கு

இங்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டால் கதை இனிதாக முடியும். ஆனால் உண்மை குறைவுபடும். இப்புறாக்கள் இன்னும் மனிதன் வைக்கும் தானியத்தையும் மனிதன் வைக்கும் பொறியையும் நம்பியே வாழ்கின்றன. வெளிநாட்டுப் புறாக்கள் சுமந்துவந்த தொண்டைநோய் ஒன்று குஞ்சுகளைக் கொல்கிறது. 2020 சூலைத் திங்களில் வகாசியோ என்னும் சரக்குக் கப்பல் பவளப்பாறையில் மோதியது. ஆகத்தில் அதிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெய் கசிந்து ஏகிரெத்துத் தீவைச் சூழ்ந்தது. நூற்றாண்டுகளுக்கு முன் எலியைக் கொண்டுவந்ததும் கப்பலே. இன்று எண்ணெயைக் கொண்டுவந்ததும் கப்பலே.

இவற்றினும் ஆழமான ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. மிகச் சில பறவைகளிலிருந்து பெருகிய கூட்டமாதலால் எல்லாம் நெருங்கிய உறவினம். உறவுக்குள்ளேயே இணை சேர்வதால் குறைபாடுகள் கூடுகின்றன. 2022இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, உயிர்க்காட்சிச்சாலைகளில் உள்ள பறவைகளைக்கொண்டு புதுக்குருதி கலக்காவிடில் அடுத்த 50 முதல் 100 ஆண்டுகளுக்குள் இவ்வினம் அழியக்கூடும் என எச்சரித்தது. நானூறு என்னும் எண்ணைக் கண்டு மகிழ்ந்தவர்க்கு அந்நானூறும் எங்கிருந்து வந்தவை என்பதை அது நினைவூட்டியது.

ஆகவே காத்தல் என்பது ஒரு நாளில் முடியும் செயலன்று. சிபியின் கதையில் தேவர்கள் தோன்றி மன்னனை வாழ்த்தியதும் கதை முடிகிறது. மொரீசியசுக் காட்டில் தேவர் எவரும் தோன்றுவதில்லை. விடியுமுன் எழுந்து, தானிய மூட்டையைத் தோளில் சுமந்து, மலையேறி, வளையங்களின் நிறத்தைக் குறித்துக்கொண்டு வரும் தொண்டர்களே தோன்றுகின்றனர். அடுத்த நாளும் அவர்கள் வரவேண்டும்.

நமக்கு இதில் என்ன உண்டு? ஆசிரியப் பெருமக்களே, நம் மாணவர்க்கு டோடோவைப் பற்றி நாம் கூறுகிறோம். மறைந்த பறவை ஒன்றின் விந்தைக் கதையாக அது அவர்கள் மனத்தில் நிற்கிறது. அதனோடு இளஞ்சிவப்புப் புறாவின் கதையையும் சேர்த்துக் கூறுவோமாயின், அழிவு விதியன்று, பலருடைய முடிவுகளின் விளைவு என்று அவர்கள் உணர்வர். விதியாயின் அழுவதற்கு மட்டுமே இடம் உண்டு. முடிவாயின் மாற்றுவதற்கும் இடம் உண்டு.

மாணவர்களே, உங்கள் பள்ளியின் பின்புறமுள்ள மரங்களில் எத்தனை வகைப் பறவைகள் வருகின்றன என்று எப்போதேனும் எண்ணியதுண்டா? மெர்போக் எனக் கூண்டில் வைத்துப் போற்றும் சிறுபுறாவும், செம்பனைத் தோட்டத்துப் புள்ளிப்புறாவும், காட்டோரத்துப் பச்சைப்புறாவும் உங்கள் கண்ணுக்கு வேறுவேறாகத் தெரிகின்றனவா? ஒரு சிறு குறிப்பேடு போதும். நாளும் இடமும் எழுதி, கண்டவற்றின் பெயரும் தொகையும் குறித்து வாருங்கள். பெயர் தெரியாவிடில் பெரியோரைக் கேளுங்கள். தோட்டத்தில் வாழ்ந்த நம் பாட்டன் பாட்டியர்க்குத் தெரிந்த பறவைப் பெயர்கள் பல, எழுதப்படாமலே அவர்களோடு மறைந்துவருகின்றன.

1662இல் கடைசி டோடோக்களைக் கண்ட மாலுமியிடம் குறிப்பேடு இல்லை. 1990களின் தொடக்கத்தில் மொரீசியசுத் தோப்பின்கீழ் நின்றவர்களிடம் இருந்தது. இரு பறவைகளின் வரலாற்றையும் பிரித்தது அக்குறிப்பேடே.